வேகஸ் நரம்புத் தூண்டல்

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்கான துணைச் சிகிச்சைகளில் ஒன்று வேகஸ் நரம்புத் தூண்டல். மார்பில் தோலுக்கு அடியில் வைக்கப்படும் சிறு மின்கருவி, கழுத்தின் இடப்பக்கம் ஓடும் வேகஸ் நரம்புக்கு மெல்லிய மின்துடிப்புகளை அனுப்பும். மூளையைத் திறக்க வேண்டியதில்லை.

பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் ஃபிட்ஸ் நிற்காவிட்டால் அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலைக்கு வருகிறார். மூன்றாவது மாத்திரை, நான்காவது மாத்திரை என்று வருடங்கள் கழிவதுதான் இவர்களுக்கு நேரும் பெரிய இழப்பு.

கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி சந்திப்பில் தெற்கே போகும் ரயில் ஏறுபவர்களில், இப்படி மருந்து பலிக்காமல் வேறு வழி தேடி ஸ்கேன் உறைகளைச் சுமந்துவரும் குடும்பங்களும் உண்டு. பலருக்கும் வேலூர் சி.எம்.சி.தான் இலக்கு, அந்த மருத்துவமனையைச் சுற்றிய விடுதிகளின் பெயர்ப் பலகைகளே வங்காளம் பேசும். மான்ட்ரியலில் நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை அங்கே தொடங்கினார். நாட்டின் முதல் வலிப்பு நோய் அறுவை சிகிச்சையும் 1952இல் அங்குதான் நடந்தது.

அறுவை சிகிச்சையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. வலிப்பு மூளையின் ஓரிடத்தில்தான் கிளம்புகிறது, அந்த இடத்தைப் பாதகமின்றி அகற்றலாம் என்று எம்.ஆர்.ஐ.யும் வீடியோ ஈ.ஈ.ஜி.யும் காட்டினால் அதுவே முதல் தேர்வு. வலிப்பு அறவே நிற்கும் வாய்ப்பு அதில்தான் அதிகம். பல இடங்களில் கிளம்பும் வலிப்புக்கும், பேச்சுக்கோ கை அசைவுக்கோ உரிய பகுதியில் கிளம்பும் வலிப்புக்கும் கத்தி வைக்க முடியாது. நரம்புத் தூண்டல் அத்தகைய நோயாளிகளுக்கானது.

அமெரிக்காவின் ஜேக்கப் ஸபாரா 1980களில் நாய்களிடம் இதைச் சோதித்தார். 1988இல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. 1997இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. வலப்பக்க வேகஸ் இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால் இடப்பக்கத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் 30 வினாடி தூண்டல், 5 நிமிட ஓய்வு. இரவும் பகலும் இப்படியே ஓடும். கால் மில்லி ஆம்பியரில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவார்கள்.

தூண்டல் ஓடும்போது குரல் கம்மும், இருமல் வரும், தொண்டை கூசும். நோயாளிக்கு ஒரு காந்தம் தரப்படும். வலிப்பு வரப்போவது தெரிந்ததும் அதை மார்புக் கருவியின் மேல் ஒருமுறை நகர்த்தினால் கூடுதல் தூண்டல் கிடைக்கும். அங்கேயே பிடித்துக்கொண்டால் கருவி தற்காலிகமாக நிற்கும். மேடையில் பேசுபவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் அந்த வசதி பெரிது.

பலன் மெதுவாகவே தெரியும். ஓரிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பின் எண்ணிக்கை பாதியாகவோ அதற்கும் கீழோ குறைகிறது. முற்றிலும் நிற்பது அரிது; மாத்திரையும் தொடர வேண்டும். செலவு பல லட்சம் ரூபாய் என்பதால் இந்தக் கணக்கைக் குடும்பத்திடம் முன்பே விளக்குவது மருத்துவரின் கடமை. பேட்டரி தீர்ந்ததும் சிறு அறுவை சிகிச்சை செய்து கருவியை மாற்றுவார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கருவி இருப்பதைச் சொல்லியாக வேண்டும். மூட்டுவலிக்குப் பிசியோதெரபியில் தரும் டயதெர்மி என்னும் வெப்பச் சிகிச்சை, கருவி பொருத்தியவர்களுக்கு அறவே கூடாது.