மின்சாரமற்ற ஊரில் ஒலி

வானொலியின் வரலாறு என்று நம்மவர் எழுதுவன பெரும்பாலும் நிலையங்களின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றன. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று என்பார்கள். பின்னர் வந்த பணிப்பாளர்களையும் புகழ்பெற்ற அறிவிப்பாளர்களையும் வரிசைப்படுத்துவார்கள். ஒலியை அனுப்பியவர் பக்கம் இவ்வாறு துலக்கமாயிருக்க, அதனைக் கேட்டவர் பக்கம் இருண்டு கிடக்கிறது. மின்கம்பி சென்றடையாத கிராமத்தில் ஒருவன் வானொலி கேட்டான் என்றால், அப்பெட்டியை இயக்கிய ஆற்றல் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது? லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிய பின்னரும் இந்நாட்டுக் கிராமங்களிற் பெரும்பாலானவை நெடுங்காலம் குப்பி விளக்கையே நம்பியிருந்தன. ஆதலின் இக்கேள்வி சிறுபான்மையோரைப் பற்றிய கேள்வியன்று.

தொடக்கத்தில் மனிதனின் கையே அந்த ஆற்றலைத் தந்தது. கிராமபோன் பெட்டியின் கைபிடியைச் சுழற்றினால் உள்ளேயிருக்கும் சுருள்வில் இறுகும். இறுகிய வில் தளரும்போது தட்டு சுழலும். மின்சாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. கலியாணவீட்டிற் பாட்டுப்பெட்டியருகே சாவி கொடுப்பதற்கென்றே ஒருவர் அமர்ந்திருந்தமை நம் பாட்டன்மார் கண்ட காட்சி. பின்னர் வந்த வால்வு வானொலி இந்த எளிமையைக் கெடுத்தது. வால்வின் இழை சூடேறினாலன்றி அது வேலை செய்யாது. இழையைச் சூடேற்ற ஒரு மின்கலம் வேண்டும். வால்வை இயக்க ஏறத்தாழ 90 வோல்ற்று அளவுள்ள பெரிய உலர்பற்றரி வேறாக வேண்டும். ஒரு சொல் ஒலிப்பதற்கு முன்னரே பற்றரியின் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். இச்செலவைத் தாங்கக்கூடிய வீடுகள் எவ்வகையினவாயிருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

மேடைப் பேச்சை ஊருக்கெல்லாம் கேட்கச்செய்த ஒலிபெருக்கியும் இதே காலத்திற் பிறந்ததுதான். கலிபோர்ணியாவில் ஜென்சன், பிரிதம் என்னும் இருவர் 1915ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரமண்டபத்தின் முன்னே திரண்டிருந்த பெருங்கூட்டத்துக்குத் தம் கருவியாற் பாட்டும் பேச்சும் கேட்கச்செய்தனர். 1919இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான்டியாகோ நகர விளையாட்டரங்கிற் பல்லாயிரவர் முன் பேசியதும் அவர்களது கருவியின் துணைகொண்டுதான். அவர்கள் விற்ற ஒலிபெருக்கிகளின் மின்காந்தத்துக்கு மோட்டார் வண்டியின் 6 வோல்ற்றுப் பற்றரி போதுமானதாயிருந்தது. இது சிறு செய்திபோலத் தோன்றினும் வரலாற்றிற் சிறிதன்று. மோட்டார் வண்டி செல்லக்கூடிய இடமெல்லாம் இனி உரத்த குரலும் செல்லலாம் என்றாயிற்று. எரிபொருளும் குரலும் அன்றே கைகோத்துக்கொண்டன. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

மின்கம்பியற்ற இடங்களுக்கு வேறு வழி தேடியவர்களும் இருந்தனர். அவுஸ்திரேலியாவின் உட்பகுதியிலே தனித்துக் கிடந்த பண்ணைகளுக்கு 1929இல் அல்பிரட் திரேகர் என்பார் மிதிகட்டையால் இயங்கும் மின்பிறப்பாக்கியை அமைத்துக் கொடுத்தார். காலால் மிதித்துக்கொண்டே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள மருத்துவருக்குச் செய்தி அனுப்பலாம். மிதிப்பதால் வந்த ஆற்றல் ஏறத்தாழ 20 வாற்று. சோவியத் நாட்டிலே 1950களில் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக்கு மேல் ஒரு கருவியைப் பொருத்தி, சுடரின் வெப்பத்தையே மின்னாக்கி வானொலி கேட்டனர். வாசிப்பதற்கு வெளிச்சமும் கேட்பதற்கு ஒலியும் ஒரே சுடரிலிருந்து வந்தன. கூட்டுப்பண்ணைக் குடியானவனை மனத்திற்கொண்டு விஞ்ஞானிகள் வேலைசெய்த இந்த எடுத்துக்காட்டை நாம் மிகவும் விரும்புகிறோம்.

திரான்சிற்றர் 1947இன் இறுதியிற் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் அது சட்டைப்பை வானொலியாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. சூடேற்ற வேண்டிய இழை ஒழிந்தது. டோர்ச் விளக்குக்கு இடும் சாதாரணப் பற்றரி போதுமென்றாயிற்று. தோட்டத் தொழிலாளியின் லயத்துக்கும் மீனவனின் வாடிக்கும் வானொலி சென்றது அதன் பின்னர்தான். ஆனால் இவ்விடுதலை அரைவிடுதலையே. மின்கம்பியிலிருந்து விடுபட்ட கேட்பவன் பற்றரியைச் செய்யும் தொழிற்சாலைக்கும் அதைக் கொண்டுவரும் வீதிக்கும் கட்டுப்பட்டவனானான். வீதியை அடைத்துவிட்டால் ஒலியும் அடைபடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே 1990இல் வீதி அடைபட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டதும் தென்னிலங்கையிலிருந்து வந்த மின்சாரம் நின்றுபோயிற்று. அரசாங்கம் பொருளாதாரத் தடையையும் விதித்தது. பெற்றோல், சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப்பட்டியலில் டோர்ச் பற்றரியும் ஒன்று. பற்றரி குண்டுக்குப் பயன்படும் என்பது தடைக்குச் சொல்லப்பட்ட நியாயம். இராணுவக் கணக்கில் அது எவ்வாறாயினும், பல இலட்சம் மக்களுக்கு அதன் பொருள் வேறு. குண்டு எங்கே விழுந்தது, கப்பல் வருமா, சமாதானப் பேச்சு என்னவாயிற்று என்பவற்றை அறிய அவர்களுக்கு வானொலியே வழி. பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பையும் கேளாமல் இரவு உறங்காத வீடுகள் பலவாயிருந்தன.

முதலில் மக்கள் பழைய பற்றரிகளுக்கு உயிர்கொடுத்துப் பார்த்தனர். வெயிலிற் காயவைத்தனர், ஆணியால் துளையிட்டு உப்புநீர் விட்டனர். இதனை அறியாமை என்று நகைப்பவர் விஞ்ஞானம் அறியாதவரே. நாகக் கூட்டுக்குள்ளே கரிக்கோலைச் சுற்றியிருக்கும் பசை உலர்ந்துபோவதும் பற்றரி ஓய்வதற்கு ஒரு காரணம். ஈரமும் உப்பும் சேர்ந்தால் எஞ்சிய ஆற்றல் சிறிது நேரம் வெளிப்படும். ஒரு செய்தியறிக்கைக்கு அது போதும். ஆயினும் எத்தனை நாளைக்கு?

அடுத்து வந்ததே சைக்கிள் டைனமோ. இராப் பயணத்தில் விளக்கெரிப்பதற்கென்று சக்கரத்தோடு உரசி ஓடும் இச்சிறு கருவி, 6 வோல்ற்றில் 3 வாற்று அளவு மின்சாரம் தருவது. நான்கு டோர்ச் பற்றரிகளை அடுக்கினாலும் அதே 6 வோல்ற்றுத்தான். சிறு வானொலிகளும் பல கசற் பெட்டிகளும் நான்கு பற்றரியில் இயங்குவன. பேர்மிங்காமிலோ லுதியானாவிலோ விளக்குக்கெனச் செய்யப்பட்ட கருவிக்கும் யப்பானிற் செய்யப்பட்ட வானொலிக்கும் இடையே இப்படியொரு பொருத்தம் இருந்தது தற்செயலே. அதனைக் கண்டுகொண்டமை தற்செயலன்று.

பொருத்தம் முழுமையானதுமன்று. டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நேரே தொடுத்தால் பெட்டி பழுதாகும். நான்கு இருவாயிகளை, அதாவது கடைக்காரர் டயோட் என்று சொல்வனவற்றை, நாற்சதுரமாகப் பிணைத்தால் ஓட்டம் ஒருவழிப்படும். அப்போதும் அது அலையலையாகவே வருமாதலின் ஒலிபெருக்கியில் வண்டு இரைவதுபோல ஓர் இரைச்சல் எழும். அதனை அடக்க ஒரு பெரிய கொள்ளளவி வேண்டும். இவையெல்லாம் பழுதான வானொலிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் இருந்து கழற்றியெடுக்கப்பட்டன. க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் நாம் படித்துப் பரீட்சை எழுதி மறந்துவிடும் சீராக்கச் சுற்று, அந்நாட்களில் ஒழுங்கைதோறும் திண்ணைகளில் இயங்கிற்று. பாடசாலை விஞ்ஞானம் வாழ்க்கையோடு ஒட்டவில்லை என்று குறைகூறும் நம் ஆசிரிய நண்பர்கள் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

பின்சக்கரம் நிலத்திற் படாமல் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி அல்லது தலைகீழாகக் கவிழ்த்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவர். மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் சக்கரம் இரண்டரை முறையளவு சுற்றும். சக்கரத்தின் விளிம்பில் உரசும் டைனமோவின் சிறுதலை எண்பது தடவையளவு சுழன்றுவிடும். ஆகவே பெரிய பலம் வேண்டியதில்லை. வேண்டியது சீர். கை விரைந்தால் அழுத்தம் கூடிப் பெட்டிக்குக் கேடு. கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரல் தேய்ந்து மங்கும். வீட்டிலே இவ்வேலை பெரும்பாலும் இளையவர்க்கே வந்தது. முதியவர் காதைக் கொடுக்க, பேரப்பிள்ளை கையைக் கொடுத்தது. பற்றரி போட்ட வானொலியைத் தனியே ஒருவன் கேட்கலாம். இந்த வானொலிக்கோ குறைந்தது இருவர் வேண்டும். சுழற்றுவதற்கு ஒருவர் இருந்தால் கேட்பதற்கு அயலவர் நால்வர் வந்து சேர்வது வழக்கம். பொருளாதாரத் தடை, விரும்பாமலே, பழைய வாசிகசாலை மரபைத் திண்ணைக்குக் கொண்டுவந்தது எனலாம்.

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் இங்கிலாந்திலே திரெவர் பெய்லிஸ் என்பார், ஆபிரிக்காவில் எயிட்ஸ் நோய் பரவுவது பற்றிய நிகழ்ச்சி ஒன்றைத் தொலைக்காட்சியிற் கண்டு, மின்சாரமும் பற்றரியும் இல்லாதவர் கேட்கத்தக்க வானொலியைச் செய்ய முனைந்தார். அது 1991. கையால் முறுக்கும் சுருள்வில் ஒரு சிறு மின்பிறப்பாக்கியைச் சுழற்றும்; ஒருமுறை முறுக்கினால் அரைமணி நேரமளவு ஒலிக்கும். பின்னர் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் தொழிற்சாலை எழுந்தது. பரிசுகளும் பட்டங்களும் வந்தன. அவரது அக்கறையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சுருள்வில் தரும் சீரான ஓட்டம் டைனமோ முறையிற் கிடையாது என்பதும் உண்மை. எனினும் கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் அவர் பெயர் இருக்கிறது. குடாநாட்டில் நான்கு இருவாயிகளை முதன்முதல் டைனமோவோடு பிணைத்தவர் பெயர் எங்குமில்லை. ஒரே தெருவிற் பத்துப்பேர் தனித்தனியே கண்டும் இருக்கலாம். பதிவுக் காரியாலயம் ஒன்றின் முத்திரை விழாத அறிவை வரலாறு அறிவென்றே கொள்வதில்லை.

இனி, முன்னர்க் குறித்த மோட்டார் வண்டிக்கு வருவோம். மக்கள் மூன்று வாற்றுக்குக் கை சலித்த அதே ஊரில், வேறொரு குரலுக்கு ஆற்றற் பஞ்சம் இருக்கவில்லை. வாகனத்திற் பூட்டிய கூம்பு ஒலிபெருக்கி, தனக்குக் கிடைக்கும் மின்னாற்றலிற் கணிசமான பங்கை ஒலியாக மாற்றவல்லது. வானொலிப் பெட்டிக்குள்ளிருக்கும் சாதாரண ஒலிபெருக்கி நூற்றில் ஓரிரண்டு பங்கையே மாற்றும். ஆகவே 12 வோல்ற்றுப் பற்றரியும் அதை நிரப்ப ஓர் இயந்திரமும் அதற்கு எரிபொருளும் உடையவர் ஊர் முழுவதற்கும் பேசலாம். தடையின் நடுவிலும் எரிபொருள் எவரிடம் இருந்ததோ அவரே பேசினர்.

1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் தெருக்களில் விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கி வாகனங்கள் சென்றன. குடும்பத்துக்கு ஒருவர் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டுமென்று அறிவித்தன. அங்கே கூடியவர்க்கு, இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டு நீங்கவேண்டுமெனக் கட்டளை இடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்ந்த மக்கள், உடைமையைப் பறிகொடுத்து வெறுங்கையராய் வெளியேற்றப்பட்டனர். அரசின் தடையைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியவர்கள் இதனை ஒரு வரியிற் கடந்துசெல்வதை நாம் ஏற்பதற்கில்லை. தடையும் வெளியேற்றமும் வெவ்வேறு கைகளின் செயல்களேயாயினும், இரண்டிலும் சாதாரண மனிதன் பதில் சொல்ல இடமின்றிக் கேட்பவனாக மட்டும் ஆக்கப்பட்டான். தெருவில் நகரும் ஒலிபெருக்கியைக் கைதளர்த்தி மங்கச்செய்ய எவராலும் இயலாது.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமத் தெருக்களில் மீண்டும் அத்தகைய வாகனங்கள் சென்றன. இராணுவம் முன்னேறி வருகிறது, எல்லோரும் உடனே தென்மராட்சிக்கும் அப்பாலும் செல்லவேண்டும் என்பது இம்முறை வந்த அறிவிப்பு. இலட்சக்கணக்கானோர் அன்றிரவு மழையில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி நடந்தனர். திண்ணைகளில் வானொலிக்காகச் சுழன்ற சைக்கிள்கள் அவர்களோடு உருட்டிச் செல்லப்பட்டன. பின்கரியரில் அரிசியும் பாத்திரங்களும் கட்டியிருந்தன, சிலவற்றில் நடக்கமாட்டாத முதியவர்கள் இருந்தனர்.