குற்றாலம் செல்லுமுன்

இவ்வாண்டுச் சாரலுக்குக் குற்றாலம் செல்வது என்று எங்கள் நண்பர் குழாம் முடிவெடுத்ததும் எழுந்த முதற்கேள்வி, எந்த அருவியில் எந்நேரம் கூட்டம் குறைவாக இருக்கும் என்பதுதான். நியாயமான கேள்வியே. எனினும் அந்த மலைநாட்டுக்குப் போகிறவர் தெரிந்துகொண்டு போகவேண்டியவை வேறு சிலவும் உள. அவற்றை இங்கே எழுதி வைக்கிறோம்.

குற்றாலம் உயரத்தால் பெயர்பெற்ற ஊரன்று. ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர்தான். உதகையோடோ கொடைக்கானலோடோ ஒப்பிட வழியில்லை. அதன் சிறப்பு மலையில் உள்ள ஓர் இடைவெளியால் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிற்கும் தொடர், ஆரியங்காவுக் கணவாயில் சற்றே தாழ்ந்து வழிவிடுகிறது. அவ்வழியே நுழையும் ஈரக்காற்றுத்தான் ஆனியிலும் ஆடியிலும் சாரலாகத் தூறுகிறது. திருநெல்வேலி வெயிலில் காயும் நாளில் தென்காசியில் குளிர்காற்று வீசுவதன் காரணம் இதுவே. எனவே பயணத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காலமே ஏற்றது. மலைமேல் மழை பொய்த்தால் அருவியும் பொய்க்கும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

அக்கணவாய் காற்றுக்கு மட்டுமன்றி அரசியலுக்கும் வாயிலாக இருந்திருக்கிறது. மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர், மலையடிவாரத்துத் தென்காசியில் தம் மரபைத் தொடர்ந்தனர். பராக்கிரம பாண்டியன் 1446-இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். வடகாசி செல்ல இயலாதவர்க்கு ஒரு தென்காசி. இக்கோயிலை வருங்காலத்தில் காப்பவர் எவராயினும் அவர் அடிகளைப் பணிவதாக அவன் கல்லில் எழுதிவைத்த செய்தியைப் படிக்கையில், ஆட்சி சுருங்கிக்கொண்டிருந்த அரசன் ஒருவனின் கவலை நமக்குக் கேட்கிறது. அவன் அஞ்சியது வீணன்று. கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. புதுப்பிக்கப்பட்ட ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு 1990-இல்தான் குடமுழுக்கு நடந்தது. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியனும் இவ்வூர்ப் பாண்டியனே. நண்பர்கள் இங்கே அரைநாளாவது செலவிட வேண்டும். கோபுர வாயிலில் எதிர்த்து வீசும் காற்றை அனுபவிக்கவேனும் போகலாம்!

குற்றாலத்தின் இலக்கியப் பெருமையை இவ்வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. சம்பந்தர் கோயிலுக்கொரு பதிகமும் அங்குள்ள குறும்பலாவுக்கொரு பதிகமும் பாடினார். தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியோ, மலையை மலைமகளே காட்டித் தரும் நூல். அதைப் பாராட்டி மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) வழங்கிய நிலம் குறவஞ்சி மேடு எனப்பட்டது. சித்திர சபையின் சுவரோவியங்களைப் பார்க்காமல் திரும்புவோர் மிகப்பலர். அருவிக்கரையில் நெரிசலில் நின்ற நேரத்தில் பாதி போதும், அதைப் பார்த்துவிடலாம். ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தை இங்கே கழித்தார். கல்கியும் ராஜாஜியும் அவருடைய விருந்தினராயினர். 1954-இல் அவர் மறைந்த பின்னும் கம்பனைச் சுவைக்க இவ்வூருக்கு வருவோர் உண்டு.

இத்தனை இனிமைக்கு நடுவே ஒரு செய்தியை மறைத்தல் தகாது. 1934 ஜனவரியில் தீண்டாமை ஒழிப்புப் பயணமாக வந்த காந்தியடிகள் குற்றாலத்துக்கும் வந்தார். தாழ்த்தப்பட்டோர்க்கு அங்கே நீராட இடமில்லை என்று அறிந்ததும் அருவியில் நீராடாமலே திரும்பினார். புலவர் பலர் பாடிய அந்த நீர் எல்லார்க்கும் பொதுவாக இருக்கவில்லை. சில மைல் தொலைவிலுள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1936 நவம்பரில் அங்கே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. சென்னை மாகாணத்திலோ 1939-இல் மதுரையில் வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய நுழைவுக்குப் பின்னரே சட்டப் பாதுகாப்பு வந்தது. ஒரே மலைத்தொடரின் நிழலில் இரண்டு சட்டங்கள்! செங்கோட்டை 1956 நவம்பர் முதல்நாள் தமிழகத்தோடு இணைந்தது. பேரருவியின் கீழ் எல்லாரும் தோளுரசி நிற்கும் இக்காட்சி நம் தாத்தாக்களின் காலத்திலேயே வந்ததென்பதை, வரிசையில் இடித்துத் தள்ளும் நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

இனி வழி. சென்னையிலிருந்து பொதிகை விரைவு வண்டி தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை செல்கிறது. நேரமிருப்பவர் செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் தடத்திலும் போய்வரலாம். 1904-இல் மலையைக் குடைந்து திறக்கப்பட்ட இத்தடம், அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-இல் மூடப்பட்டு 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. மலைப்பாதையின் பதின்மூன்று கண் பாலத்தைக் காணச் சன்னலோர இடம் பிடிப்பது உத்தமம்.

மேலே செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் செல்ல ஆசைப்படுவோர் வனத்துறையைக் கேட்டபின்னரே திட்டமிட வேண்டும், அது காப்புக்காடு. கீழுள்ள அருவிகளிலும் காவலர் விலகச் சொன்னால் உடனே விலகுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.