விலக்குச் சட்டமும் விற்பனை உரிமையும்

தமிழகத்தில் மதுவை விற்கும் தனியுரிமை எந்தச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்டிருக்கிறது என்று வினவினால், நம்மில் பலர் விடை கூறத் தயங்குவர். விடையோ வியப்புக்குரியது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே அது! அச்சட்டத்தில் 2003இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாகத்தான் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. இந்த வணிகத்தை மேற்பார்வையிடும் துறையின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்பதே. விலக்குவதற்காக இயற்றப்பட்ட சட்டம், விற்பதற்கான உரிமைப் பட்டயமாக மாறியது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அச்சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த மண் நமது மண்ணே. இராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய பகுதிகளையெல்லாம் தன்னுள் கொண்டிருந்த பழைய சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் முதல் நாள் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. தறிச் சத்தம் ஓயாத நமது வெண்ணந்தூரும் அவ்வெல்லைக்குள் அடங்கிய ஊரே.

ஆசிரமத்தில் விழுந்த விதை

இம்முயற்சியின் வேர், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இருக்கிறது. அங்கே 1925இல் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றோடு மதுவிலக்கும் அதன் பணிகளுள் ஒன்றாயிற்று. மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற இதழ் அங்கிருந்து வெளிவந்தது. அதன் ஆசிரியப் பணியில் துணைநின்றவர், பின்னாளில் கல்கி என்று நாடறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தி.

இராஜாஜியின் வாழ்விலேயே ஒரு முரண்பாட்டை இங்கு நாம் சந்திக்கிறோம். 1922இல் கயாவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், சட்டமன்றங்களுக்குள் நுழையலாகாது என்று வாதிட்டோரின் முன்னணியில் நின்றவர் அவர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1937இல் அதே சட்டமன்றத்தின் தலைமையை ஏற்றுச் சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (அன்று முதலமைச்சருக்கு அப்பெயரே வழங்கியது). நுழையலாகாது என்றவர் நுழைந்தது ஏன்? நுழைந்த சில திங்களுக்குள் அவர் செய்த செயல்களுள் ஒன்று, ஆசிரமத்தில் பேசியதைச் சட்டமாக்கியது. அதையும், தாம் நன்கறிந்த, தமது சொந்த மாவட்டத்தில் தொடங்கினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களுக்கும் அது விரிந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1920இல் கொண்டுவந்த மதுவிலக்கை 1933இல் கைவிட்டிருந்தன. அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின் சேலத்தில் இம்முயற்சி நடந்தது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். உலகம் தோற்றுவிட்டது என்று கூறிய ஒன்றை ஒரு மாவட்டம் மேற்கொண்டது.

ஈடு செய்த வரி

அக்காலத்தில் மாகாண வருவாயில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கள், சாராயம் முதலியவற்றின் மீதான ஆயத்தீர்வையிலிருந்து வந்தது. கடையை மூடுவது எளிது. அக்கடை நிரப்பிய கருவூலத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதே கடினம். இவ்வினாவை இராஜாஜி மறைக்கவில்லை. 1939இல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்தியாவில் இத்தகைய பொது விற்பனை வரிக்கு அதுவே முன்னோடி. அரை விழுக்காடே ஆயினும் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். மது வருவாயை இழக்கும் அரசுக்கு வேறு வருவாய் வேண்டும், அதை எல்லோரும் சிறிது சிறிதாகத் தாங்க வேண்டும் என்பதே அதன் கருத்து. விரும்பத்தகாத உண்மையை மக்கள் முன் வைத்து, அதற்குரிய விலையையும் சொன்ன செயல் அது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. மதுவிலக்குக்காகப் பிறந்த விற்பனை வரியையோ நிறுத்தவில்லை. கடைகள் திரும்பின, வரியும் நின்றது. கருவூலம் முதன்முறையாக இரண்டையும் சுவைத்தது. பின்னாளைய குழப்பங்களுக்கெல்லாம் இதுவே தோற்றுவாய் என்று நாம் கருதுகிறோம்.

விடுதலைக்கு முந்தைய ஆண்டில் காங்கிரஸ் ஆட்சி மீண்டபின் மதுவிலக்கும் படிப்படியாக மீண்டது. ஓமந்தூர் இராமசாமி முதலமைச்சராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்று இந்திய அரசமைப்பின் 47ஆம் பிரிவும் வழிகாட்டியது. 1967இல் ஆட்சிக்கு வந்த அறிஞர் அண்ணாவும் மதுவிலக்கைக் கைவிட இசையவில்லை.

மூடுவதும் திறப்பதும்

1971 ஆகஸ்டு 30 முதல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. மாநிலத்தின் நிதி நெருக்கடியைக் கலைஞர் மு. கருணாநிதி காரணம் காட்டினார். புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு உதவுவதாகக் கூறிய நடுவணரசு, முன்பே கடைப்பிடித்து வரும் தமிழகத்துக்கு அவ்வுதவியை மறுத்தது என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட இயலாது. எனினும் தொண்ணூற்றிரண்டு வயது நிரம்பிய இராஜாஜி, மழையையும் பொருட்படுத்தாமல் முதலமைச்சரின் இல்லம் தேடிச் சென்று, வேண்டாம் என்று மன்றாடினார். பயன் இல்லை. சில ஆண்டுகளுக்குள், 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் அதே ஆட்சி கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் மீண்டும் மூடியது.

அடுத்து வந்த எம்.ஜி.ஆர். தமது ஆட்சியின் தொடக்கத்தில் மதுவிலக்கை இறுக்கினார். 1981இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவைத் திறந்தார். 1983இல் அவரது ஆட்சியே டாஸ்மாக் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 1987இல் கள், சாராயக் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1990இல் தி.மு.க. ஆட்சி மலிவு விலை மதுவைக் கொண்டுவந்தது. 1991இல் பதவியேற்ற செல்வி ஜெயலலிதா அதை நிறுத்தினார். அவரே 2003இல் சில்லறை விற்பனையை அரசின் தனியுரிமையாக்கினார். 1971இல் தளர்த்திய கலைஞர், 2015இல் தம் கட்சி ஆட்சிக்கு வந்தால் மதுவிலக்குக்குத் தீவிர முயற்சி எடுக்கும் என்று அறிவித்தார். 2003இல் தனியுரிமை கொண்டுவந்த ஜெயலலிதா, 2016 தேர்தலில் படிப்படியான மதுவிலக்கை வாக்களித்து, பதவியேற்ற அன்றே 500 கடைகளை மூட ஆணையிட்டார். நமது சேலம் மாவட்டத்தவரான எடப்பாடி கே. பழனிசாமி 2017இல் மேலும் 500 கடைகளை மூடினார். 2023இல் தி.மு.க. அரசும் 500 கடைகளை மூடியது.

இவ்வளவு மூடியபின் வருவாய் குறைந்திருக்க வேண்டுமே! 2023-24ஆம் ஆண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் 45,800 கோடி ரூபாய்க்கு மேல். அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு மதிப்புக் கூட்டு வரி. அதாவது 1939இன் விற்பனை வரியின் நேர் வழித்தோன்றல். 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது ஏனைய பொருள்களின் மீதான விற்பனை வரி பெரும்பாலும் மாநிலத்தின் கையை விட்டுப் போயிற்று. எஞ்சியவற்றுள் முதன்மையானவை பெட்ரோல், டீசல், மது. மதுவை ஒழிப்பதற்காகப் பிறந்த வரி, மதுவின் மீதே சாய்ந்து வாழும் நிலைக்கு வந்திருக்கிறது.

இரு புதல்வர்

திராட்சைத் தோட்டத்துக்குச் சென்று வேலை செய்யுமாறு தந்தை கூற, போகமாட்டேன் என்று சொல்லிப் பின் மனம் மாறிப் போன மகனையும், போகிறேன் ஐயா என்று பணிவாகக் கூறிப் போகாதிருந்த மகனையும் ஆண்டவர் நம் முன் நிறுத்துகிறார் (மத்தேயு 21:28-32). இருவருமே சொன்னதற்கு மாறாகச் செய்தவர்கள்தாம். எனவே சொல்லுக்கும் செயலுக்கும் முரண்பாடு இருந்த அளவிலேயே ஒருவர் குற்றவாளியாகிவிடுவதில்லை. தந்தையின் தோட்டத்தில் வேலை நடந்ததா என்பதே வினா.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், இராஜாஜியும் எல்லாவற்றிலும் தேறிவிடவில்லை. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தோர் சிறை சென்றனர்; நடராசனும் தாளமுத்துவும் காவலில் இருந்தபோது நோயுற்று 1939இல் உயிர்நீத்தனர். பின்னாளில் இந்தி ஒன்றே ஆட்சிமொழியாவதை அவரே உறுதியாக எதிர்த்தார். மனம் மாறியது நன்றே. ஆனால் முதல் முடிவுக்குரிய விலையைச் செலுத்தியவர்கள் பிறர். மதுவிலக்கிலோ வருவாய் இழப்பையும் வணிகரின் சினத்தையும் அவரே தோளில் ஏற்றார். தாம் 1967இல் தோழமை கொண்டு 1971 தேர்தலில் எதிர்த்த கட்சியின் முதலமைச்சரிடமே சென்று மன்றாடவும் அவர் கூசவில்லை. ஒரே மனிதரிடத்தில் இருவகை முரண்பாடுகளையும் காண்கிறோம். ஆகவே மனிதரை வணங்குவதோ வெறுப்பதோ நமக்கு உதவாது. ஒவ்வொரு முரண்பாட்டையும் தனித்தனியே நிறுத்து, அதன் விலையை யார் செலுத்தினார் என்று கேட்பதே நேரிய வழி.

பின்வந்த முதலமைச்சர்கள் அனைவரையும் வஞ்சகர் என்று ஒதுக்குவதும் அறமாகாது. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது கண்ணீர் விடும் தாய்மாரின் முகம் தெரிகிறது. நாற்காலியில் அமர்ந்ததும் கருவூலக் கணக்கு தெரிகிறது. இரண்டுமே உண்மைகள். கள்ளச்சாராயம் பெருகும் என்ற அச்சமும் வெற்றுச் சாக்கன்று. சேலத்தை அடுத்த கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் திங்களில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஆயினும் அச்சாவுகள் மதுக்கடைகள் திறந்திருந்த காலத்திலேயே நிகழ்ந்தன என்பதையும் மறக்கலாகாது. கடை திறந்திருப்பது மட்டுமே ஏழையை நஞ்சிலிருந்து காப்பதில்லை.

சேலம் மாவட்டத்தின் காந்தியவாதி சசிபெருமாள், மதுவுக்கு எதிராகப் போராடி 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்து உண்ணாமலைக்கடையில் உயிர் துறந்தார். ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின் மேலேறி நின்றவர் அவர். மதுவிலக்கு தொடங்கிய மாவட்டத்தின் மகன், எழுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே கோரிக்கைக்காக மாள நேர்ந்தது நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி.

நாம் கேட்க வேண்டியது

நமது ஊர்களில் தறிக்கூலி சனிக்கிழமை மாலை கைக்கு வந்து, ஞாயிறு காலைக்குள் எங்கே போகிறது என்பதை இல்லத்தரசிகள் நன்கறிவர். அதில் ஒரு பகுதி வரியாகி, பள்ளிச் சத்துணவாகவும் உதவித்தொகையாகவும் அதே இல்லத்துக்குத் திரும்பி வருகிறது. தந்தையின் குடியிலிருந்து பிள்ளைக்கு உணவு என்னும் இந்தச் சுழற்சியை உடைப்பவரே மெய்யாக மதுவிலக்கைப் பேசுகிறவர்.

ஆகவே இனித் தேர்தல் வரும்போது, கடையை மூடுவேன் என்று கூறி நம் தெருவுக்கு வரும் வேட்பாளரிடம் நாம் கைகூப்பி ஒன்றே ஒன்று கேட்போம்: "ஐயா, அந்த வருவாய்க்கு ஈடாக எதை வைத்திருக்கிறீர்கள்? அதை யார் செலுத்த வேண்டும்?" 1939இல் அவ்வினாவுக்குச் சட்டமன்றத்தில் ஒரு விடை சொல்லப்பட்டது. அவ்விடை எல்லோருக்கும் இனிக்கவில்லை. ஆனால் அது விடையாக இருந்தது. நம் பங்கைச் செலுத்த நாமும் அணியமாயிருந்தால் மட்டுமே அவ்வினாவைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. போகிறேன் என்று சொல்லிப் போகாதிருந்த மகனை அரசியல் மேடையில் மட்டுமன்று, வாக்குச்சாவடி வரிசையிலும் நாம் தேட வேண்டியிருக்கிறது.