எப்ஸ்டீன்-பார் வைரஸின் இரட்டை வேடம்

வயது வந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்கள் உடலில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் குடியிருக்கிறது. உகாண்டாக் குழந்தைகளைத் தாக்கிய பர்கிட் லிம்போமாக் கட்டியின் செல்களில் 1964-ல் கண்டறியப்பட்டது இது.

இதன் இபிஎன்ஏ-1 என்ற புரதம் பலே கில்லாடி. பி-செல் பிரியும்போதெல்லாம் வைரஸின் டிஎன்ஏவை நம் குரோமோசோமோடு பிணைத்து, பிறக்கும் இரு செல்களுக்கும் கொண்டு சேர்க்கிறது. கிளைசினும் அலனினும் திரும்பத் திரும்ப வரும் ஒரு நீண்ட பகுதி, இப்புரதம் டி-செல்களின் கண்ணில் படுவதைக் குறைக்கிறது. (திருடன் முகமூடியோடு பிறந்த கதைதான்!) பர்கிட் லிம்போமா, மூக்குத்தொண்டைப் புற்று ஆகியவற்றின் செல்களில் இப்புரதம் உண்டு. ஆனால் வைரஸ் மட்டும் போதாது. பர்கிட் லிம்போமாவில் மிக் மரபணுவும் இடம்மாறுகிறது, ஆப்பிரிக்காவில் மலேரியாவும் துணைபோகிறது.

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் கதை வேறு. இபிஎன்ஏ-1-இன் ஒரு துண்டு, மூளையிலுள்ள கிளியல்கேம் புரதத்தை ஒத்திருக்கிறது. வைரஸுக்கென உருவான ஆன்டிபாடி, ஆள்மாறாட்டத்தில் அதையும் பற்றிக்கொள்வதை 2022-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சில நோயாளிகளிடம் கண்டனர்.