செருப்புத் தோலில் தொடங்கிய பிரேக்

இந்த எபிசோடுக்கான குறிப்புகளை ஆம்பூர்ல ஒரு பட்டறை வாசல்ல உட்கார்ந்துதான் எழுதினேன். உள்ளே அப்பாவோட பழைய அம்பாசடர் ஜாக்கி மேல நின்னுச்சு. முந்தின வாரம் ஏலகிரியிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி பிரேக் பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. கியரைக் குறைச்சு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கமா ஒதுக்கித்தான் நிறுத்தினேன். பின் சீட்ல அம்மா. அங்கே 14 வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பேர் வெச்சிருக்காங்க. நம்மளக் காப்பாத்தினது யாருன்னு அம்மா இன்னும் கேட்கிறாங்க.

"பேடு மாத்தணுமா பாய்?"னு கேட்டேன். மெக்கானிக் பாய் சிரிச்சார். "இதுல ஏது தம்பி பேடு? நாலுமே டிரம். உள்ளே ஷூதான்."

அந்த 'ஷூ'வுக்கும் தோலுக்கும் பழைய உறவு உண்டு. 1888-ல் பெர்தா பென்ஸ், கணவர் செய்த காரை மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிப் போனார். வழியில் பிரேக் கட்டை தேய்ந்துவிட, செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன் மேல் தோலை அடிக்க வைத்தார். சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில், வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் அழுத்தி வேகத்தைக் குறைப்பதை ஹெர்பர்ட் ஃப்ரூட் கவனித்தார். 1897-ல் அதைவிட நல்ல பொருளைத் தேட ஆரம்பித்தார். அப்படிப் பிறந்ததுதான் ஃபெரோடோ. தோல் நல்லாப் பிடிக்கும், ஆனா சூட்டில் கருகிடும். ஆம்பூர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிற்பாடு சூடு தாங்கும் கல்நார் லைனிங் வந்தது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

காலின் அழுத்தத்தைத் திரவம் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் யோசனைக்கு மால்கம் லாக்ஹீட் 1917-ல் காப்புரிமை பெற்றார். ஆரம்ப சீல்கள் பச்சைத் தோலில் செய்தவை, கசிந்தன. ரப்பர் கப் வந்த பிறகுதான் அது நம்பகமானது.

நம்ம பக்கம் வருவோம். 1962-ல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. அதன் வார்ப்பாலை சோளிங்கரில் இருக்கு. 2019 வரை அந்த ஊர் வேலூர் மாவட்டம். தோலுக்குப் பேர்போன மாவட்டத்திலேயே பிரேக்குக்கான இரும்பும் வார்த்திருக்காங்க!

சரி, என் வண்டிக்கு என்ன ஆச்சு? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிடும். அதே ஈரம் இரும்பு லைனை உள்ளிருந்து துருவாக்கும். பழைய வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தா எல்லாமே போச்சு. ஹேண்ட்பிரேக்குக்குத் தனி கேபிள் இருந்ததால தப்பிச்சோம்.

"ஏசி கடை செம்புக் குழாய் போட்டா செலவு குறையுமே?"ன்னேன். பாய் முகம் மாறிடுச்சு. "அதிர்ச்சியில விரிசல் விடும். உங்கம்மா உட்கார்ற வண்டி தம்பி இது."

ஸ்டீல் லைன், புது ரப்பர் ஹோஸ், புது ஷூ. டிரம்முக்குள்ள இருந்த தூசை ஊதல. ஈரத் துணியாலதான் துடைச்சார். கடைசியா நான் பெடலை மிதிக்க, அவர் தூரத்துச் சக்கரத்திலிருந்து ஒவ்வொரு நிப்பிளா திறந்து காற்றை எடுத்தார். "பிடி... விடு..." அரை மணி நேரம். பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு.

உங்க வீட்லயும் பழைய கார் இருந்தா, இன்னைக்கே பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்க. கருத்திருந்தா, மலை ஏறாதீங்க.