வண்டியின் வண்ணம்

வடநாட்டில் வாழும் நம் குடும்பங்களை நெடுங்காலம் ஊருக்கு ஏற்றிச் சென்றவை செங்கல் நிறப் பெட்டிகளே. அவற்றுட் பல, 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவானவை. 1990-களில் பெட்டிகள் நீலம் பூண்டன, அழகு கருதியன்று. அதுவரை வண்டியை நிறுத்திய வாக்குவம் பிரேக் போய்க் காற்றழுத்த பிரேக் வந்தது. இருவகைப் பெட்டிகளையும் ஒரே வண்டியில் கோத்தால் பிரேக் ஒருசேரப் பிடிக்காது. பயணியரின் உயிர் அதில் அடங்கியிருந்தது. பெட்டி கோக்கும் பணியாளர் தொலைவிலேயே வேறுபாடு காண நிறம் உதவிற்று.

அதே பெரம்பூரில் உருவான வந்தே பாரத், 2019-இல் வெள்ளையும் நீலமுமாய் ஓடத் தொடங்கி, 2023-இல் காவியும் பெற்றது. கண்ணுக்கு இனிதே, ஆயினும் பணியாளர்க்கு அது சொல்லும் செய்தி யாது? நீலம் பூண்ட பழைய வகைப் பெட்டிகளைச் செய்வதைத் தொழிற்சாலை 2018-இல் நிறுத்திவிட்டது. எஞ்சியவை படிப்படியாய் விலக்கப்படுகின்றன.