வலியும் போதையும்: வட ஆற்காட்டுச் சரித்திரத்தில் சில பக்கங்கள்

இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியபோது அதன் பாதையில் அமைந்து, பிற்பாடு பம்பாய் மார்க்கமும் செங்கல்பட்டு மார்க்கமும் வந்து கூடியதால் ஜங்ஷன் என்னும் அந்தஸ்தை எய்திய அரக்கோணம், வைத்திய சரித்திரத்தில் விசேஷமாகப் பேசப்படும் ஊரன்று. ஆயினும் அவ்வூர் நெடுங்காலம் அங்கம் வகித்த வட ஆற்காடு ஜில்லாவிலே, மனிதனுடைய வலியை என்ன செய்வது, அவன் நாடும் போதையை என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடி நடந்த முயற்சிகள், சென்னை இராஜதானியின் எல்லையைத் தாண்டியும் கவனிக்கத் தக்கவை.

அந்த ரயில் ஓடத் தொடங்கிய நாளில் அவ்விரண்டு கேள்விகளும் ஒரே அபின் உருண்டைக்குள் அடங்கியிருந்தன. சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கடையில் பகிரங்கமாக விற்கப்பட்ட அபின், வயிற்றுக் கடுப்புக்கும் மூட்டு நோவுக்கும் கை மருந்தாகவும், பழகியவருக்கு விட முடியாத துணையாகவும் இருந்தது. அபினைக் குறித்து 1893-இல் நியமிக்கப்பட்ட ராயல் கமிஷன் இரண்டாண்டு விசாரணைக்குப் பின், மிதமாக உண்பதனால் பெருந்தீங்கில்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. அந்தத் தீர்ப்பில் கஜானாவின் நலமும் கலந்திருந்தது என்று கருதுவோரில் நானும் ஒருவன்.

கள், சாராய விஷயத்தில் மாற்றம் முதலில் சட்டத்தின் வழியே வந்தது. 1937-இல் சேலத்திலும், மறு வருஷம் சித்தூர், கடப்பை ஜில்லாக்களிலும் மதுவிலக்கைக் கொணர்ந்த ராஜாஜி மந்திரிசபை, 1939 அக்டோபர் முதல் தேதி அதை வட ஆற்காட்டுக்கும் விஸ்தரித்து, அந்த மாத முடிவிலேயே யுத்தத்தை முன்னிட்டு ராஜிநாமாச் செய்து வெளியேறிற்று. மதுவினால் வந்துகொண்டிருந்த வருமானம் குறைவதை ஈடுசெய்யவே அவ்வாண்டு விற்பனை வரி பிறந்தது. மரமேறுவோர்க்குப் பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் வழிசெய்த அந்தத் திட்டம், குடியை விட்டவனுடைய நடுங்கும் கைக்கும் தூங்காத இரவுக்கும் வைத்தியம் எதையும் ஏற்பாடு செய்யவில்லை; குடிப் பழக்கம் ஒரு வியாதி என்ற எண்ணமே அன்று பரவியிருக்கவில்லை. மதுவிலக்கு 1948-இல் இராஜதானி முழுவதற்கும் வந்தபின், கள்ளச் சாராயத்தோடு மருந்துக் கடை இஞ்சி டிஞ்சரும் வார்னிஷும் குடிப்பொருள்களாயின.

இதே காலத்தில் வேலூரில் வலியைப் பற்றி வேறொரு ஞானம் உருவாகிக்கொண்டிருந்தது. இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலை பெரிய கலாசாலையாக வளர்ந்திருந்தது. கொல்லிமலையில் பிறந்து இங்கிலாந்தில் சத்திர வைத்தியம் கற்ற பால் பிராண்ட், 1946-இல் அங்கு வந்து தொழுநோயாளரின் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தலானார். விரல்கள் நோயினால் அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்தது. சிகிச்சை முடிந்து குடிசைகளில் தங்கியிருந்தோரில் சிலர் காலையில் எழும்போது விரல் நுனி குறைந்திருக்கக் கண்டு, இரவில் விழித்திருந்து பார்க்கையில், எலிகள் வந்து கடிப்பதும், கடிபட்டவர் சற்றும் அறியாமல் உறங்குவதும் தெரியவந்தன. அன்றுமுதல் வீட்டுக்குத் திரும்புவோர் கையில் ஒரு பூனையும் கொடுத்தனுப்பப்பட்டது. விரலை அழித்தது வலியின்மையே என்ற முடிவினின்றும், 1955-இல் திறக்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஸ்தாபனத்தில், உணர்வற்ற பாதத்துக்கெனச் செய்யப்பட்ட மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு விளைந்தது. தோல் பதனிடுவதையே ஜீவனமாகக் கொண்ட சீமையில், உணர்விழந்த தோலைக் காக்கும் பாதரட்சைக்கு ரப்பர் வேண்டியிருந்தது.

1966-இல் அமெரிக்கா சென்ற பிராண்ட், மின்விசையால் வலியை உண்டாக்கும் ஒரு கருவியைச் செய்து பார்த்தார். விரலில் அழுத்தம் மிகும்போது அக்கருவி நோயாளிக்கு அதிர்ச்சி கொடுக்கும். ஆனால் நோயாளிகளோ, தடுக்கப்பட்ட காரியத்தைச் செய்ய விரும்பியபோதெல்லாம் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்து முடித்து, மறுபடியும் மாட்டிக்கொண்டனர். மதுவிலக்கு அதிகாரிகள் இந்தப் பரிசோதனையைப் படித்திருந்தால் தங்கள் அனுபவத்தையே அதில் கண்டிருப்பார்கள்.

குடியை வியாதியாகக் கொண்டு செய்யும் வைத்தியம் தாமதமாகவே வந்தது. வேலூர்க் கலாசாலை 1957-இல் பாகாயத்தில் நிறுவிய மனநல நிலையத்தில், நோயாளியோடு உறவினர் ஒருவரும் உடன் தங்கும் முறை வேரூன்றியது. ரப்பர்த் தொழிற்சாலைகளில் ஓர் இரசாயனத்தோடு பழகிய தொழிலாளர், சிறிது மது அருந்தினாலும் முகம் சிவந்து நெஞ்சு படபடத்து அவதியுற்றதிலிருந்து தொடங்கி, 1948-இல் டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர் மூலம் பிரசித்தமான டைசல்ஃபிராம் மாத்திரையும் வைத்தியர் கைக்கு வந்தது. ஆயினும் மாத்திரையை நாள்தோறும் விழுங்க மனம் வேண்டும், அந்த மனத்தைத் தாங்க வீடு வேண்டும். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனையும், நோயாளியின் குடும்பத்தாருக்கு ஆலோசனை கூறுவதையே சிகிச்சையின் ஒரு பாதியாகக் கொண்டது. மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் நடத்தி, ஊராரையும் அதில் சேர்த்துக்கொண்டது.

இப்படிப் போதையிலும் நோயைக் காணக் கற்ற தேசம், வலியின் விஷயத்தில் பின்னோக்கிச் சென்ற விந்தையும் அப்போதே நிகழ்ந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் குறைந்தபட்சம் பத்தாண்டு தண்டனை என்று அச்சுறுத்தவே, பல லைசென்ஸுகள் சேர்ந்தாலன்றி ஒரு புட்டி மார்ஃபினை வைத்திருக்க முடியாத மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டொழித்தன. வைத்தியத்துக்கான அபினை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு, 1997-இல் தன் நோயாளிகள் அனைவருக்குமாகச் செலவிட்ட மார்ஃபின் ஏறத்தாழ 18 கிலோகிராம்தான். எலியின் கடியை அறிவிக்கும் வலியைப் போற்றியது பிராண்டின் ஞானம். முற்றிய புற்றுநோயாளியின் வலியோ அறிவிக்க வேண்டியதையெல்லாம் அறிவித்துத் தீர்ந்த பின்னும் ஓயாதது, ஆகவே அதைப் போக்குவதில் எந்த நியாயமான ஆட்சேபமும் எனக்குத் தோன்றவில்லை. கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் அவர் சகாக்களும் 1,723 நோயாளிகளுக்கு வாய்வழி மார்ஃபின் கொடுத்து, அதில் சிறிதும் தவறான கைக்குப் போகவில்லை என்று கண்டு, 2001-இல் லான்செட் பத்திரிகையில் பிரசுரித்தனர். 2014-இல்தான் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தி, அத்தியாவசியமான இம்மருந்துகளுக்கு ஒரே அனுமதி போதும் என்றாக்கிற்று.

இப்போது தமிழ்நாட்டில் இளைஞர் சிலர் டேபென்டடால் என்னும் வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வதாக வழக்குகள் பதிவாகின்றன. மாத்திரைப் பெட்டிகள் ரயில் மார்க்கமாகவும் வந்து பிடிபடுகின்றன. இஞ்சி டிஞ்சர் காலத்தைப் போலவே மருந்துக் கடைகளின்மீது சர்க்காரின் பார்வை திரும்பியிருக்கிறது. கடைக்காரர் சீட்டைக் கேட்பது முற்றிலும் சரியே. ஆனால் சீட்டோடு வருகிற புற்றுநோயாளியின் மகனைச் சந்தேகத்தோடு நோக்கி, அந்த மருந்தே இங்கு வைப்பதில்லை என்று கையை விரிப்பாரானால், 1985-க்குப் பிறகு நடந்தது மறுபடியும் நடக்கும்.